கம்பியில்லா பேஸ்மேக்கரும் துடிப்புக் கோளாறுகளும்: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழிமுறை

கம்பியில்லா பேஸ்மேக்கர் என்பது தொடையிடுக்குச் சிரை வழியாகக் கொண்டு சென்று, இதயத்தின் வலது கீழறைச் சுவரில் நேரடியாகப் பதிக்கப்படும் சிறு உலோகக் குப்பி. அமெரிக்காவில் 2016இல் அனுமதி பெற்ற மைக்ரா, ஏறத்தாழ 26 மில்லிமீட்டர் நீளமும் 2 கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடையும் கொண்டது. நெஞ்சில் தழும்பு இல்லை, தோலுக்கடியில் பெட்டி இல்லை, முறிவதற்குக் கம்பியும் இல்லை என்பதால், இனி எந்தச் சிக்கலும் வராது என்று நோயாளியும் குடும்பத்தாரும் எண்ணிவிடுகிறார்கள். கம்பியாலும் பெட்டியாலும் வரும் சிக்கல்கள் நீங்குவது உண்மைதான். ஆனால் துடிப்பின் ஒழுங்கு சார்ந்த சிக்கல்கள் நீங்குவதில்லை. அவற்றில் பெரும்பகுதி கருவி பழுதாவதால் வருவதும் இல்லை. கீழறையில் தனியாக அமர்ந்திருக்கும் கருவிக்கு மேலறையில் நடப்பது தெரியாமலோ அரைகுறையாகத் தெரிந்தோ இருப்பதாலும், அதில் பதியப்பட்ட அமைப்பு அந்த நோயாளிக்குப் பொருந்தாமல் இருப்பதாலுமே அவை வருகின்றன. ஆகவே ‘கருவி வேலை செய்கிறதா’ என்று கேட்பதற்கு முன், ‘எந்த முறையில் வேலை செய்யும்படி அதை அமைத்திருக்கிறார்கள்’ என்று கேட்பதே சரியான தொடக்கம்.

தேடத் தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, கருவி அட்டை. அதில் மாதிரியின் பெயரும் பொருத்திய தேதியும் இருக்கும். கருவி இயங்கும் முறையும் அடித்தள வேகமும் (துடிப்பு அதற்குக் கீழே இறங்காமல் கருவி காக்கும் அளவு) அதில் இல்லையென்றால், கடைசியாகக் கருவியைச் சோதித்தபோது எடுத்த அச்சுப்படியில் இருக்கும். வி.வி.ஐ.ஆர். என்றிருந்தால் கருவி கீழறையை மட்டுமே உணர்ந்து கீழறையை மட்டுமே தூண்டுகிறது. வி.டி.டி. என்றிருந்தால், 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மைக்ரா ஏ.வி. வகையைப் போல, மேலறை சுருங்கும் அசைவை உணர்ந்து அதைத் தொடர்ந்து கீழறையைத் தூண்டுகிறது. மேலறையில் ஒன்றும் கீழறையில் ஒன்றுமாக இரண்டு குப்பிகள் பதித்திருந்தால் அது 2023இல் அங்கே அனுமதி பெற்ற அவேர் டி.ஆர். வகையாக இருக்கும். கீழே சொல்லப்படுபவற்றில் எது தமக்குப் பொருந்தும் என்பது இந்த ஒரு செய்தியைப் பொறுத்தே அமையும்.

இரண்டாவது, நாடி பார்க்கும் பழக்கம். மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்காமல், முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணிக்கையோடு, துடிப்பு சீராக வருகிறதா, இடையிடையே விடுபடுகிறதா, முற்றிலும் ஒழுங்கற்றதா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்று சொற்களில் ஒன்று மருத்துவருக்குக் கிடைத்தாலே பாதித் தேடல் முடிந்துவிடும்.

முழு மயக்கம், நீங்காத நெஞ்சுவலி, ஓய்விலும் மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வையோடு வேகமான படபடப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

அறிகுறி: அடித்தள வேகம் 60 என்றார்கள், வீட்டுக் கருவியோ 35, 40 என்று காட்டுகிறது

தொலைபேசியில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். விரல் நுனியில் மாட்டும் ஆக்சிஜன் அளவியும் இரத்த அழுத்தக் கருவியும் இதயத்தின் மின்துடிப்பை எண்ணுவதில்லை. தமனியில் வந்து சேரும் இரத்த அலையை மட்டுமே எண்ணுகின்றன. கீழறையிலிருந்து முன்கூட்டியே எழும் மிகைத்துடிப்பின்போது இதயம் நிரம்புவதற்குள் சுருங்கிவிடுவதால், அந்த அலை மணிக்கட்டை எட்டாமலே போகலாம். ஒரு சரியான துடிப்பு, ஒரு மிகைத்துடிப்பு என்று மாறி மாறி வந்தால், இதயம் 70 முறை துடித்தாலும் வீட்டுக் கருவி 35 என்றே காட்டும். பேஸ்மேக்கரும் அந்த மிகைத்துடிப்பைத் துடிப்பாகவே கணக்கில் எடுத்துக்கொண்டு காத்திருப்பதால், அது தவறு செய்யவில்லை. ஸ்டெதஸ்கோப் வைத்து நெஞ்சில் ஒருவரும் மணிக்கட்டில் ஒருவருமாக ஒரே நிமிடம் எண்ணினால் வித்தியாசம் தெரிந்துவிடும். நெஞ்சில் எண்ணிக்கை சரியாகவும் கையில் குறைவாகவும் இருந்தால் ஈ.சி.ஜி.யும், உடலில் மாட்டிக்கொள்ளும் ஹோல்டர் கருவியால் 24 மணி நேரத் துடிப்புப் பதிவும் எடுத்து, மிகைத்துடிப்புகள் எத்தனை, அவை எங்கிருந்து எழுகின்றன என்று பார்க்க வேண்டும்.

நெஞ்சிலும் குறைவாகவே இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது அமைப்பு. மைக்ரா ஏ.வி. வகையில், நோயாளியின் சொந்த மின்பாதை நன்றாக வேலை செய்கிறதா என்று கருவி அவ்வப்போது சோதிக்கும். அப்போது அது 40 என்ற வேகத்துக்கு இறங்கி ஒதுங்கி நிற்கும். மேலறையின் மின்குறி கீழறைக்கு வந்து சேராத மின்தடை (ஹார்ட் பிளாக்) இருந்து சில துடிப்புகளுக்குத் தன் தூண்டல் தேவைப்பட்டால், மீண்டும் பழைய முறைக்கு வந்துவிடும். இதைச் சிலர் இதயம் ஒரு கணம் நின்று மீண்டதாக உணர்கிறார்கள். நிரந்தரமான முழு மின்தடை உள்ளவருக்கு இந்தச் சோதனையால் பயன் சிறிதும் இல்லை என்பதால், அறிகுறி தரும்போது அதை அணைத்துவிடும்படி கேட்பது நியாயமே. சொந்தத் துடிப்புக்கு இடம் தரவேண்டி, அடித்தள வேகத்துக்குக் கீழே சற்றுக் காத்திருக்கும் அமைப்பும் சில கருவிகளில் உண்டு.

இரண்டும் இல்லையென்றால்தான் அடுத்த பகுதிக்குச் செல்ல வேண்டும்.

அறிகுறி: கண் இருட்டுதல், கிறுகிறுப்பு, பழையபடி மயக்கம்

பேஸ்மேக்கர் பொருத்துவதற்கு முன்பிருந்த அதே அறிகுறி திரும்பி வந்தால், எதிர்மாறாக நிரூபிக்கப்படும்வரை அது கருவிச் சிக்கலே என்று கொள்ள வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உண்டு. மின்தூண்டல் கொடுக்கப்பட்டும் தசை சுருங்காமல் போகலாம். மருத்துவமனைப் பேச்சில் இதைக் ‘கேப்சர் ஆகவில்லை’ என்பார்கள். அல்லது, வேறு ஏதோ மின்னொலியை (இதயத்துடிப்பு அல்லாத மின்குறியை) துடிப்பு என்று எண்ணிக் கருவி வாளாவிருக்கலாம். அல்லது, கருவி சரியாகவே துடிக்க வைத்தும் இரத்த அழுத்தம் விழலாம். மூன்றாவது வழியைப் பற்றிப் பின்னர் விரிவாகப் பார்ப்போம்.

கேப்சர் ஆகாமல் போவதில், கருவி பொருத்திய முதல் நாட்களும் வாரங்களும் ஒரு கணக்கு, பிற்காலம் வேறொரு கணக்கு. முதல் வாரங்களில், கருவி பதிந்த இடத்தில் ஏற்படும் வீக்கத்தால் தேவைப்படும் மின்னழுத்தம் உயரலாம். மிக அரிதாகக் கருவி பிடி தளர்ந்து நகரலாம். 2015இல் வெளியான மைக்ரா ஆய்வில், கருவி பொருத்த முயன்ற 725 பேரில் ஒருவருக்கும் கருவி இடம்பெயரவில்லை. திருகுமுனையால் பதியும் வகையான நானோஸ்டிம் கருவிக்கு அதே ஆண்டில் வந்த ஆய்வில், ஆறு மாதம் தொடர்ந்த முதல் 300 பேரில் 1.7 விழுக்காட்டினருக்குக் கருவி நகர்ந்து அதை வெளியே எடுக்க நேர்ந்தது. நானோஸ்டிம் பின்னர் மின்கலக் கோளாறு காரணமாக நிறுத்தப்பட்டது. அவேர் அதன் வழித்தோன்றல்.

பிற்காலத்தில் வரும் கேப்சர் இழப்புக்குக் கருவியைவிட இரத்தத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கம்பியில்லாக் கருவி பொருத்தப்படுபவர்களில் சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் கணிசமானவர்கள். டயாலிசிஸுக்குத் தேவையான கைச் சிரைகளைக் காப்பாற்றவும் கிருமித் தொற்றைத் தவிர்க்கவுமே அவர்களுக்கு இதைத் தேர்வு செய்கிறார்கள். அவர்களுக்கு இரத்தத்தில் பொட்டாசியம் 7ஐ நெருங்கும்போது, நன்றாக இருக்கும் கருவியின் தூண்டலுக்கும் இதயத் தசை இசையாமல் போகும். ஒரு டயாலிசிஸைத் தவறவிட்டது, வெயிலுக்கு இதமென்று இளநீர் குடித்தது, ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரையைப் புதிதாகச் சேர்த்தது ஆகியவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். துடிப்பொழுங்குக்காகத் தரப்படும் ஃப்ளெக்கைனைடு மாத்திரையும் தேவைப்படும் மின்னழுத்தத்தை உயர்த்தக்கூடியது. காரணம் நீங்கினால் பழைய அளவு திரும்பிவிடும் என்பதால், பொட்டாசியத்தைப் பார்க்காமல் கருவியை மாற்றுவது பற்றிப் பேசுவது அவசரப்படுவதாகும்.

சோதனை வரிசை இதுதான்: பன்னிரண்டு முனை ஈ.சி.ஜி., இரத்த உப்புகள், பேஸ்மேக்கரை வெளியிலிருந்து சோதித்து மாற்றியமைக்கும் புரோகிராமர் கருவியால் கேப்சர் அளவும் உணர்திறனும் முனையின் மின்னெதிர்ப்பு அளவும், பொருத்திய அன்று எடுத்த படத்தோடு ஒப்பிட நெஞ்சு எக்ஸ்ரே. இங்கே ஓர் எச்சரிக்கை. கருவியின் இரு முனைகளும் மிக அருகருகே இருப்பதால், தூண்டல் கோடு ஈ.சி.ஜி.யில் மிகச் சிறிதாகத் தெரியும், பல நேரங்களில் தெரியவே தெரியாது. நெஞ்சில் தழும்பும் இல்லாததால், அறிமுகமில்லாத மருத்துவமனையில் இதைக் கீழறையிலிருந்து தானாக எழும் துடிப்பு என்று தவறாகப் படித்துவிடக்கூடும். அட்டையைப் பையிலேயே வைத்திருங்கள் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

அறிகுறி: பொருத்திய சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ நெஞ்சுவலி, வேகமான துடிப்பு, இறங்கும் இரத்த அழுத்தம்

இதைத் துடிப்புக் கோளாறு என்று எண்ணி வேகத்தைக் குறைக்க மருந்து கொடுப்பது ஆபத்து. இதயச் சுவர் துளைபட்டு, சுற்றுறையில் இரத்தம் தேங்கும்போது இதயம் வேகமெடுப்பது உயிர்காக்கும் எதிர்வினை. மேற்சொன்ன மைக்ரா ஆய்வில் துளைபடுதலும் நீர் தேங்குதலும் 1.6 விழுக்காட்டில் நேர்ந்தன. அரிதாயினும் நேரும்போது கடுமையாக இருக்கக்கூடும் என்பதால், 2021 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மருத்துவர்களுக்கு இதுபற்றித் தனிக் கடிதமே விடுத்தது. உடனே எக்கோ (இதயத்தின் ஒலியலைப் படம்) எடுக்க வேண்டும். மற்றவை அதற்குப் பிறகு.

அறிகுறி: நாடி சரியாக இருக்கிறது, ஆனால் சோர்வு, கழுத்தில் துடிதுடிப்பு, நிமிர்ந்து நின்றால் தள்ளாட்டம்

எல்லா அளவுகளும் ‘நார்மல்’ என்று அச்சாகி வரும், நோயாளி மட்டும் நன்றாக இருக்கமாட்டார். கம்பியில்லாக் கருவியில் மிக எளிதாகத் தவறவிடப்படும் நிலை இதுதான் என்பது என் கருத்து. வயதாகிவிட்டது, மனக்கவலை என்று சொல்லி அனுப்பிவிடுவதும் உண்டு.

காரணம் ஒருங்கிணைவு இழப்பு. இயல்பான இதயத்தில் மேலறை முதலில் சுருங்கிக் கீழறையை நிரப்பும், பிறகு கீழறை சுருங்கும். வி.வி.ஐ. முறையில் (மேலே சொன்ன வி.வி.ஐ.ஆர். உட்பட) கருவி மேலறையைப் பொருட்படுத்தாமல் கீழறையைச் சுருங்க வைக்கிறது. சிலருக்கு அந்த மின்னலை கீழிருந்து மேலாக ஏறி, வால்வு மூடியிருக்கும் வேளையில் மேலறையையும் சுருங்க வைக்கும். மூடிய கதவில் மோதிய இரத்தம் கழுத்துச் சிரைகளில் பின்னோக்கி எழும். கழுத்தில் தெரியும் அந்த அதிர்வும், தலைபாரமும், மூச்சு அடைப்பதுபோன்ற உணர்வும், நிற்கும்போது அழுத்தம் விழுவதும் சேர்ந்ததைப் பேஸ்மேக்கர் சிண்ட்ரோம் என்கிறார்கள்.

உறுதி செய்ய ஓர் எளிய வழி உண்டு. நோயாளியை உட்கார வைத்து, சொந்தத் துடிப்பில் இருக்கும்போது ஒருமுறையும், புரோகிராமர் வழியாகக் கருவியைத் துடிக்க வைத்து ஒருமுறையும் இரத்த அழுத்தத்தை அளக்க வேண்டும். தூண்டல் தொடங்கியதும் அழுத்தம் தெளிவாக இறங்கி, அதே நேரத்தில் நோயாளி ‘இதுதான், இதே மாதிரிதான் வருகிறது’ என்று சொல்வாரானால் வேறு ஆதாரம் வேண்டியதில்லை.

தீர்வு படிப்படியானது. சொந்தத் துடிப்பு போதுமான அளவு இருப்பவருக்கு, அடித்தள வேகத்தை 60இலிருந்து 50க்கோ 40க்கோ இறக்கினாலே கருவியின் குறுக்கீடு குறைந்து அறிகுறி மறைந்துவிடலாம். மேலறைத் துடிப்பு ஒழுங்காக இருந்து மின்தடை நிரந்தரமாக இருப்பவருக்கு, மேலறையை உணரும் வகைக்கோ இரு குப்பி வகைக்கோ கம்பியுள்ள இரு அறைக் கருவிக்கோ மாறுவதே வழி. எப்போதும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனிலேயே (மேலறை ஒழுங்கின்றித் துடிதுடிக்கும் நிலையிலேயே) இருப்பவருக்கு இழக்க ஒருங்கிணைவு இல்லாததால் இந்தச் சிக்கல் இவ்வடிவில் வராது. அவருக்கு இதே அறிகுறிகள் இருந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

அறிகுறி: உட்கார்ந்திருந்தால் நலம், மாடிப்படி ஏறினால் திடீரென்று இழுத்துப் பிடித்ததுபோல் நிற்கிறது

மைக்ரா ஏ.வி. மேலறையின் மின்குறியைப் பார்ப்பதில்லை. கீழறையில் இருந்தபடியே, அசைவை உணரும் முடுக்கமானியால் இரத்தம் பாயும் அதிர்வையும் வால்வு மூடும் அதிர்வையும் ‘கேட்டு’, அவற்றுள் மேலறை சுருங்கும் அதிர்வைப் பிரித்தறிகிறது. 2020இல் வெளியான ஆய்வில், முழு மின்தடை கொண்ட 40 பேரிடம், ஓய்வில் ஒருங்கிணைவு சராசரியாக 26.8 விழுக்காட்டிலிருந்து 89.2 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. ஆனால் அது ஓய்வு நிலைக் கணக்கு. வேகம் 90, 100ஐத் தாண்டும்போது, கீழறை தானாக நிரம்பும் அதிர்வும் மேலறை சுருங்கும் அதிர்வும் நெருங்கி ஒன்றில் ஒன்று கலந்துவிடும். உடல் அசைவின் அதிர்வும் மேலே சேர்ந்துகொள்ளும். கருவி மேலறையைத் தவறவிட்டதும் வேகம் சட்டென்று இறங்கி, படியேறுபவருக்குக் கால் ஓய்ந்துவிடுகிறது.

இதற்கு மருத்துவமனையின் நடைவழியில் நடக்க வைத்து, கருவியின் அதிர்வுப் பதிவைப் பார்த்துக்கொண்டே உணர்எல்லைகளையும் நேரச் சாளரங்களையும் கையால் சரிசெய்ய வேண்டும். படுக்கையில் படுக்கவைத்து மட்டும் சோதித்துவிட்டு ‘சரியாக இருக்கிறது’ என்று சொன்னால், நடந்து காட்டிச் சோதிக்கும்படி கேளுங்கள். அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. 2023இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி, உயர்ந்த வேகத்திலும் மேலறையைப் பின்தொடரும்படி திருத்தப்பட்டிருக்கிறது.

இரு குப்பி வகையில் காரணம் வேறு. இரண்டும் இரத்தத்தின் வழியே சிறு மின்குறிகளால் துடிப்புக்குத் துடிப்பு பேசிக்கொள்கின்றன. உடலின் நிலை மாறும்போது குப்பிகளின் கோணம் மாறுவதால் சில துடிப்புகளில் பேச்சு அறுந்துபோகலாம். 2023இல் வெளியான 300 பேர் ஆய்வில், மூன்று மாதத்தில் 97.3 விழுக்காட்டினர் உட்கார்ந்த நிலையில் குறைந்தது 70 விழுக்காடு ஒருங்கிணைவை எட்டினர். குறிப்பிட்ட ஒரு பக்கம் திரும்பிப் படுத்தால் மட்டும் அறிகுறி வருகிறது என்றால் அதைச் சொல்ல வேண்டும். அதே நிலையில் படுக்கவைத்துச் சோதித்தால் காரணம் அகப்படும்.

அறிகுறி: காரணமில்லாமல் படபடப்பு

சீரான வேகமா, தாறுமாறான வேகமா என்பதே முதல் பிரிவு.

சீராக 90, 100 என்று போய், பேருந்தோ ஆட்டோவோ குண்டும் குழியுமான சாலையில் செல்லும்போது மட்டும் வந்து, இறங்கிய சில நிமிடங்களில் அடங்குமானால், அது, உடல் அசைவுக்கேற்பத் துடிப்பைக் கூட்டும் வேக எதிர்வினை அமைப்பின் வேலை. முடுக்கமானிக்கு நடைக்கும் குலுக்கலுக்கும் வேறுபாடு தெரியாது. அமைப்பின் கூர்மையைக் குறைத்தால் தீரும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்காக, மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மின்கணுவைச் சுட்டு அணைத்து, அதனுடன் கம்பியில்லாக் கருவியும் பொருத்தியிருந்தால், முதல் வாரங்களில் 80, 90 என்ற வேகத்தை வேண்டுமென்றே வைப்பார்கள். திடீரென்று மெதுவாகும் இதயத்தில் கீழறையின் ஆபத்தான வேகத்துடிப்பு எழாமல் தடுப்பதற்கான ஏற்பாடு அது. பக்கத்து வீட்டுக்காரருக்கு 60 வைத்தார்களே என்று சொல்லி அதைக் குறைக்கச் சொல்லக்கூடாது.

தாறுமாறாக இருந்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் புதிதாகத் தொடங்கியிருக்கலாம். இங்கே கம்பியில்லாக் கருவியின் ஒரு குறைபாடு வெளிப்படுகிறது. கம்பியுள்ள இரு அறைக் கருவி அத்தகைய நிகழ்வைத் தேதி, நேரத்தோடு பதிந்து வைத்திருக்கும். மைக்ராவில் எத்தனை விழுக்காடு தூண்டியது, வேகங்கள் எப்படிப் பரவியிருந்தன என்பது போன்ற கணக்குகளே கிடைக்கும். ஆகவே ‘கருவியில் பார்த்தோம், ஒன்றும் பதிவாகவில்லை’ என்ற பதிலோடு திரும்பிவிடாமல், ஹோல்டரோ நீண்டநாள் ஒட்டுப்பட்டைப் பதிவோ கேட்க வேண்டும். ஃபிப்ரிலேஷன் உறுதியானால், பக்கவாதத்தைத் தடுக்கும் இரத்த உறைவெதிர்ப்பு மருந்து பற்றிய முடிவு கருவி அமைப்பைவிட முக்கியமானது.

கீழறையிலிருந்து எழும் மிகைத்துடிப்பும் வேகத்துடிப்பும் தனிக்கவனம் வேண்டுபவை. சுவரில் ஊன்றிய கருவி தசையை உறுத்துவதால் அவை எழக்கூடும். இவ்வாறு நேர்ந்த நோயாளிகளைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் உண்டு. துப்பு எளிது. மிகைத்துடிப்பின் வடிவமும் கருவி தூண்டும் துடிப்பின் வடிவமும் பன்னிரண்டு முனைகளிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தால், அது கருவி பதிந்த இடத்திலிருந்து எழுகிறது என்று சந்தேகிக்கலாம். முதல் வாரங்களில் வருவது பெரும்பாலும் அடங்கிவிடும். மெதுத்துடிப்புக்குக் காவலாகக் கருவி இருப்பதால், பீட்டா தடுப்பு மருந்தை அச்சமின்றித் தரலாம். அடங்காமல் தொடர் வேகத்துடிப்பாக மாறினால் கருவியை எடுத்து வேறிடத்தில் வைப்பதுவரை யோசிக்க வேண்டியிருக்கும். கருவி சொந்தத் துடிப்பை உணரத் தவறி, தசை மீளும் நொடியில் தூண்டலைக் கொடுத்து ஆபத்தான துடிப்பைத் தொடங்கிவைப்பது அரிது. ஆயினும் உணர்திறன் அளவைப் பார்க்காமல் இந்தச் சோதனையை முடிக்கக்கூடாது.

அறிகுறி: ஓராண்டு, ஈராண்டு கழித்து மெல்ல மெல்ல மூச்சிரைப்பும் கால்வீக்கமும்

வலது கீழறையிலிருந்து தூண்டும்போது இடது கீழறை சற்றுத் தாமதமாக, ஒருபக்கம் இழுபட்டுச் சுருங்குகிறது. துடிப்புகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் இப்படித் தூண்டப்படுபவர்களில் ஒரு பகுதியினருக்கு இதயத்தின் பம்பு திறன் குறைகிறது. வேறு காரணமின்றி அத்திறன் 10 புள்ளிகளோ அதற்கு மேலோ இறங்கி 50 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தூண்டலால் வந்த தசைநலிவு என்று கொள்வது வழக்கம். பொருத்துவதற்கு முன் எடுத்த எக்கோ அறிக்கை கையில் இல்லாவிட்டால் இந்த ஒப்பீடே செய்ய முடியாது. தேவையற்ற தூண்டலைக் குறைப்பது முதல் படி. போதாதென்றால் இதயத்தின் இயற்கை மின்பாதையையோ இரு கீழறைகளையும் சேர்த்தோ தூண்டும் கம்பியுள்ள கருவிக்கு மாற வேண்டியிருக்கும். பழைய குப்பியை அணைத்து உள்ளேயே விட்டுவிடலாம்.

அறிகுறி: வேறொரு அறுவை சிகிச்சையின்போது துடிப்பு நிற்கிறது

கம்பியுள்ள பேஸ்மேக்கரின் மேல் காந்தத்தை வைத்தால், அது வெளி மின்னொலிகளைப் பொருட்படுத்தாமல் துடிக்கத் தொடங்கும். மயக்க மருத்துவர்கள் இந்த வழக்கத்துக்குப் பழகியவர்கள். மைக்ராவில் காந்த உணரி கிடையாது, நெஞ்சின் மேல் எத்தனை காந்தம் வைத்தாலும் ஒன்றும் நிகழாது. அவேர் வகைக்குக் காந்த எதிர்வினை உண்டு. மின்கத்தி பயன்படுத்தும் அறுவையில், அதன் மின்னொலியை இதயத்துடிப்பு என்று கருவி நம்பிவிட்டால் தூண்டல் நின்றுவிடும். கருவியையே முழுதும் சார்ந்திருப்பவருக்கு அது பெரும் ஆபத்து. ஆகவே மைக்ரா உள்ளவர் கண்புரை தவிர்த்த எந்த அறுவைக்கும் தேதி குறிக்கும்போதே, கருவி மாதிரியைச் சொல்லி, அறுவைக்கு முன் புரோகிராமரால் முறையை மாற்றவும் முடிந்தபின் பழையபடி திருப்பவும் ஆள் வருவாரா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. மாற்றிய முறையைத் திருப்பாமலே நோயாளி வார்டுக்கு வந்துவிட்டால், சொந்தத் துடிப்போடு கருவியின் துடிப்பு மோதி அன்றிரவே படபடப்பு தொடங்கலாம். அப்படி நேர்ந்தால் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது அந்தத் தாள்தான்.